ஃப்ளிப்டு கிளாஸ்ரூம் நம்ம வகுப்புக்கு ஒத்து வருமா? வீடியோ எடுக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

ஃப்ளிப்டு கிளாஸ்ரூம்னா, விளக்கத்தைப் பிள்ளைங்க வீட்லயே பாத்துட்டோ படிச்சுட்டோ வருவாங்க, பயிற்சியும் பேச்சும் எழுத்தும் வகுப்புல நடக்கும், அப்படிப் பாடத்தைத் திருப்பிப் போடறதைத்தான் ஃப்ளிப் பண்றதுன்னு சொல்றோம். வீடியோ எடுக்க ஃபோனைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்க. விளக்கம் சொல்றதை வீட்டுக்கு அனுப்பிட்டா வகுப்புல 20, 25 நிமிஷம் மிச்சமாகும், அந்த நேரத்துல பிள்ளைங்க கையும் வாயும் என்ன பண்ணப் போகுது? இதுக்குத் தெளிவா எழுத வரலன்னா அந்தப் பாடத்தை ஃப்ளிப் பண்ண வேண்டாம், எப்பவும் போல நின்னு சொல்லிக் கொடுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. நான் இங்க சிங்கப்பூர்ல உயர்நிலைப்பள்ளியில தமிழ் சொல்லிக் கொடுக்கறேன், சில வருஷமா இதைச் செஞ்சும் பாத்துட்டேன் விட்டும் பாத்துட்டேன், அந்தக் கேள்விக்குப் பதில் இருந்த பாடமெல்லாம் நல்லா போச்சு, பதில் இல்லாம வீடியோவை மட்டும் அழகா எடுத்துட்டுப் போன பாடமெல்லாம் கையை விட்டுப் போச்சு.

இது எங்க இருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சா முடிவு பண்றது சுலபம். அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல வுட்லண்ட் பார்க் ஹைஸ்கூல்னு ஒரு பள்ளி, அங்க ஜோனதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ்னு ரெண்டு வேதியியல் ஆசிரியர்கள், 2007-ல பாடத்தை ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சாங்க. காரணம் பெரிய தத்துவம் எல்லாம் இல்ல, விளையாட்டுப் போட்டிக்குப் போற பிள்ளைங்க வகுப்பைத் தவற விட்டாங்க, அவங்களுக்கு மறுபடி மறுபடி சொல்லிக் கொடுக்க நேரம் இல்ல. அப்புறம்தான் அவங்களுக்குத் தோணுச்சு, விளக்கம் கேக்கும்போது பிள்ளைக்கு நான் பக்கத்துல வேணாம், கணக்குல மாட்டிக்கிட்டு நிக்கும்போதுதான் நான் வேணும்னு. அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1990-களோட தொடக்கத்துல, ஹார்வர்டுல எரிக் மஸூர்னு இயற்பியல் பேராசிரியர் மாணவர்களை முன்கூட்டியே படிச்சுட்டு வரச் சொல்லிட்டு வகுப்புல ஒரு கேள்வி போடுவார், எல்லாரும் தனித்தனியா பதில் சொல்லணும், அப்புறம் பக்கத்துல இருக்கறவங்களோட வாதாடணும், திரும்பப் பதில் சொல்லணும். வீட்ல அவங்க கையில இருந்தது வீடியோ இல்ல, படிக்க வேண்டிய பக்கங்கள்தான். இதை நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்குக் காரணம், நம்ம ஊர்ல ஃப்ளிப்னாலே வீடியோன்னு ஆகிப்போச்சு.

நம்மகிட்ட கருவி எல்லாம் இருக்கு. எஸ்எல்எஸ், அதாவது கல்வி அமைச்சோட இணையக் கற்றல் தளம், 2018-ல இருந்து எல்லாப் பள்ளியிலயும் இருக்கு, 2020 ஏப்ரல் 8-ம் தேதி எல்லாரும் முழுசா வீட்ல இருந்து படிக்க ஆரம்பிச்சப்போ மூத்த ஆசிரியர்கள் கூட ஒரே வாரத்துல பாடம் ஏத்தக் கத்துக்கிட்டாங்க, 2021 முடியறதுக்குள்ள உயர்நிலை மாணவர் எல்லார் கையிலயும் பிஎல்டி, அதாவது படிப்புக்கான சொந்த லேப்டாப் மாதிரி கருவி, வந்துடுச்சு, மாசத்துக்கு ரெண்டு நாள் மாதிரி, வீட்ல இருந்தே படிக்கற ஹெச்பிஎல் நாளும் இருக்கு. இவ்வளவு வசதி இருக்கறதாலயே 'முடியுமா'ங்கற கேள்வி போயிடுச்சு, அதோட சேர்ந்து 'வேணுமா'ங்கற கேள்வியும் காணாம போயிடுச்சு, அதுதான் எனக்குக் கவலை. ஒரு பள்ளியில, பேரு வேண்டாம், ஒவ்வொரு பாடமும் ஒரு டெர்முக்கு ஒரு யூனிட் ஃப்ளிப் பண்ணியே ஆகணும்னு சொல்லிட்டாங்க, என் தோழி அங்க இருந்தா, ஆசிரியர்கள் எல்லாரும் பழைய பவர்பாயிண்ட்டுக்குக் குரல் கொடுத்து ஏத்தினாங்க, பதிவேட்டுல எல்லாம் செஞ்சாச்சுன்னு வந்துச்சு, வகுப்புல ஒண்ணுமே மாறல.

ஆய்வுங்க என்ன சொல்லுது

நல்லதும் இருக்கு, எச்சரிக்கையும் இருக்கு, ரெண்டையும் பாக்கணும். 2019-ல 114 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க, கத்துக்கறதுல சின்ன அளவு முன்னேற்றம் இருக்குன்னு வந்துச்சு, பெரிய அதிசயம் எல்லாம் இல்ல. ஆனா அதுல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க: வகுப்பு நேரத்தைக் குறைக்காம வெச்சிருந்த இடத்துல பலன் கூட இருந்துச்சு, குவிஸ் சேர்த்த இடத்துலயும் கூட இருந்துச்சு. வீட்ல வீடியோ பாத்தாச்சுல்ல, அப்ப பீரியடைக் குறைச்சுக்கலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, அங்கதான் பலனே போயிடுது.

எச்சரிக்கை வெஸ்ட் பாயின்ட்ல இருந்து வருது, அமெரிக்க ராணுவத்தோட கல்லூரி அது, அங்க எந்த வகுப்பு ஃப்ளிப் எந்த வகுப்பு வழக்கம் போலன்னு குலுக்கல் மாதிரி பிரிச்சு சோதிச்சாங்க. கணக்குல முதல்ல கொஞ்சம் முன்னேற்றம் தெரிஞ்சுச்சு, பொருளியல்ல தெரியல, கணக்குல வந்ததும் கடைசித் தேர்வு வரை நிக்கல, அதைவிட முக்கியம், ஏற்கனவே நல்லா படிக்கறவங்களுக்குத்தான் பலன் போச்சு, இடைவெளி கூடிப்போச்சு. ராணுவக் கட்டுப்பாட்டுல இருக்கற, எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி வசதி இருக்கற இடத்துலயே இப்படின்னா, ஒரு பக்கம் கொண்டோங்கற தனியார் அடுக்குமாடி வீட்ல தனி ரூம் இருக்கற பிள்ளையும் இன்னொரு பக்கம் மூணு ரூம் வீட்ல ஆறு பேரோட இருக்கற பிள்ளையும் ஒண்ணா உக்காந்திருக்கற என் வகுப்புல நான் எவ்வளவு கவனமா இருக்கணும்.

இங்கயே நல்லா நடக்கற இடமும் இருக்கு. என்டியூவோட லீ கோங் சியான் மருத்துவப் பள்ளி 2013-ல முதல் மாணவர்களைச் சேர்த்தப்போவே இந்த வழியிலதான் ஆரம்பிச்சாங்க, மாணவர்கள் முன்னாடியே பாடத்தைப் பாத்துட்டு வருவாங்க, வந்ததும் தனியா ஒரு சின்னத் தேர்வு, அப்புறம் அதே கேள்விகளைக் குழுவா உக்காந்து பேசி மறுபடி எழுதணும். அங்க இருக்கறவங்க மருத்துவம் படிக்கணும்னு போராடி வந்தவங்க, பதிமூணு வயசுப் பிள்ளையோட ஒப்பிட முடியாது. ஆனா அந்தத் தனியா ஒரு தடவை குழுவா ஒரு தடவைங்கற முறையை நான் எடுத்துக்கிட்டேன், உயர்நிலை ரெண்டுல அழகா வேலை செய்யுது, தமிழ்ல சண்டை போட்டுக்கறாங்க, அதுதானே வேணும்.

தமிழ் வகுப்புக்கு இது ஏன் தனி விஷயம்

கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைவிட நமக்கு இதுல ஒரு கூடுதல் காரணம் இருக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல வீட்ல அதிகமா பேசற மொழி ஆங்கிலம்னு சொன்னவங்க 48.3 விழுக்காடு, தமிழ்னு சொன்னவங்க 2.5 விழுக்காடு. அதாவது என் வகுப்புல இருக்கற பல பிள்ளைங்களுக்குச் சம வயசுக்காரங்களோட தமிழ்ல பேசற ஒரே இடம் என் வகுப்புதான், ரீசெஸ்ல ஆங்கிலம், சிசிஏங்கற இணைப்பாட நடவடிக்கையில ஆங்கிலம், வீட்ல அப்பா அம்மா தமிழ்ல கேட்டா இவங்க ஆங்கிலத்துல பதில். அந்த ஒரே இடத்துல அவங்களை உக்கார வெச்சு நான் பேசிக்கிட்டே இருந்தா என்ன நியாயம்?

கணக்குப் போட்டுப் பாருங்க. 20 பேர் வகுப்பு, 50 நிமிஷ பீரியட், அதுல நான் 25 நிமிஷம் விளக்கம் சொல்றேன். மிச்சம் 25 நிமிஷத்துல ஒருத்தர் ஒருத்தரா எழுப்பிப் பேச விட்டா ஆளுக்கு 1 நிமிஷம் சொச்சம்தான் கிடைக்கும். விளக்கத்தை வீட்டுக்கு அனுப்பிட்டு ஜோடி ஜோடியா பேச விட்டா, வீட்ல பாத்துட்டு வந்தாங்களான்னு வாசல்லயே வெக்கற சின்னச் சோதனைக்கும் மத்ததுக்கும் பத்து நிமிஷம் போனா கூட, ஆளுக்கு 15, 20 நிமிஷம் தமிழ் வாயில வரும். வாய்மொழித் தேர்வுக்கு நாம தர்ற பயிற்சியையே எடுத்துக்கங்க, வீடியோ துணுக்கைப் பாத்துட்டு உரையாடணும், அந்தத் துணுக்கை வகுப்புல எல்லாரும் சேர்ந்து பாத்து அதுக்கு நான் சொற்களைப் பலகையில எழுதி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சுடும். அதை வீட்ல பாத்து மூணு கருத்து குறிச்சுட்டு வந்தா வகுப்பு முழுக்கப் பேச்சுதான்.

அடுத்தது கட்டுரை. இதுதான் எனக்கு மனசுல ரொம்ப நாளா உறுத்தின விஷயம். வீட்ல தமிழ் எழுதத் தெரிஞ்சவங்க யாரும் இல்லாத பிள்ளைகிட்ட கட்டுரையை வீட்டுப்பாடமா கொடுத்தா அந்தப் பிள்ளை என்ன பண்ணும்? டியூஷன் டீச்சர் எழுதித் தருவாங்க, இல்லன்னா ஆங்கிலத்துல எழுதி மெஷின்ல போட்டு மொழிபெயர்த்துக் கொண்டு வரும், இல்லன்னா எழுதாது. அதாவது கஷ்டமான வேலையை உதவிக்கு ஆள் இல்லாத இடத்துல செய்யச் சொல்லிட்டு, சும்மா உக்காந்து கேக்கற வேலையை நான் பக்கத்துல இருக்கும்போது செய்ய வெக்கறேன். இதைத் திருப்பிப் போட்டா நல்லதுன்னு எனக்கு முழு நம்பிக்கை. நகர மன்றத்துக்கு மின்னஞ்சல் எழுதறதுன்னா, வடிவம் எப்படி இருக்கணும், விளி எப்படி, முடிவு எப்படின்னு 5 நிமிஷம் வீட்ல பாத்துட்டு வரட்டும், எழுதறது வகுப்புல, நான் நடந்துகிட்டே இருப்பேன், எந்த இடத்துல பேனா நிக்குதுன்னு என் கண்ணால பாப்பேன். அப்படிப் பாத்தப்போதான் எனக்கே தெரிஞ்சுச்சு, என் பிள்ளைங்க மாட்டறது வடிவத்துல இல்ல, 'தண்ணி ஒழுகுது'ன்னு வாயில வர்றதை எழுத்துத் தமிழ்ல எப்படிக் கொண்டு வர்றதுங்கற ஒரு வரியிலதான். அது வீட்ல எழுதின கட்டுரையைத் திருத்தி இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது

முழுப் பாடத்திட்டத்தையும் ஃப்ளிப் பண்றதா வேண்டாமான்னு முடிவு பண்ணாதீங்க, அந்தக் கேள்வியே தப்பு. ஒவ்வொரு யூனிட்டா பாருங்க. நான் பாக்கறது என்னன்னா, அந்த விஷயத்தை ஒருத்தர் நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்டா தானா புரிஞ்சுக்க முடியுமா? வலிமிகும் இடங்கள், வேற்றுமை உருபு, மின்னஞ்சல் வடிவம், மரபுத்தொடரோட பொருள், பத்தியில விட்ட இடத்துக்குப் பொருத்தமான சொல்லைக் கண்டுபிடிக்கற முன்னுணர்வுக் கருத்தறிதலுக்கு எப்படி யோசிக்கறது, இதெல்லாம் அனுப்பலாம். 'பாலைக் குடித்தான்'ல க் வருது 'பால் குடித்தான்'ல வரலன்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லிடலாம், ரெண்டு தடவை பாத்தா புரியும். வகுப்புக்கு வந்ததும் அவங்க கட்டுரையில இருந்தே பன்னெண்டு வாக்கியத்தை அட்டையில எழுதிக் கொடுப்பேன், எது சரி எது தப்புன்னு குழு குழுவா வாதாடுவாங்க.

திருக்குறளையும் கவிதையையும் நான் அனுப்ப மாட்டேன். முதல் தடவை ஒரு குறளைக் கேக்கறது நேர்ல, குரலோட, பிள்ளைங்க முகத்தைப் பாத்துக்கிட்டு நடக்கணும், எந்தச் சொல்லுல முகம் சுருங்குதுன்னு பாத்து அங்க நிக்கணும், இதை எந்த வீடியோவும் செய்யாது. சிறுகதைக்கும் அப்படித்தான்.

பக்கத்து ரூம்ல வேதியியல் எடுக்கற ஒரு சாரும் இதே மாதிரிதான் பிரிச்சு வெச்சிருக்கார், பியூரெட்ல அளவு எப்படிப் படிக்கறது, சமன்பாட்டை எப்படிச் சமன் பண்றதுங்கறது எல்லாம் வீட்டுக்கு, மோல் கான்செப்ட் மட்டும் எப்பவும் வகுப்புல, முதல் தடவை அது புரியாத பிள்ளை வீடியோவை எத்தனை தடவை பாத்தாலும் புரியாதுன்னு சொல்வார், என் அனுபவமும் அதேதான்.

தொடக்கநிலையில இருக்கற ஆசிரியர்கள் கேக்கறாங்க. பிஎல்டி உயர்நிலைக்குத்தான், தொடக்கநிலைப் பிள்ளை வீடியோ பாக்கணும்னா அம்மா ஃபோனோ அக்கா லேப்டாப்போ வேணும், பக்கத்துல ஒரு பெரியவங்களும் உக்காரணும். தொடக்கநிலை ஒண்ணு ரெண்டுக்கு வேண்டவே வேண்டாம். அஞ்சு ஆறுக்கு எப்பவாவது வாய்மொழிக்கு ஒரு துணுக்கு, அவ்வளவு போதும்.

வீட்டைப் பாருங்க, லேப்டாப்பை இல்ல

எல்லாரும் பண்ற தப்பு, 'வீட்ல லேப்டாப் இருக்கா, வைஃபை இருக்கா'ன்னு ஃபார்ம் அனுப்பறது. எல்லாரும் இருக்குன்னு டிக் பண்ணுவாங்க, இருக்கும்தான். நான் இப்ப கேக்கறது வேற: நேத்து ராத்திரி 8 மணிக்கு நீ எங்க இருந்தே? 9 மணிக்கு? பக்கத்துல யாரு இருந்தாங்க? ஒரு வாரம் இதைச் சின்னத் தாள்ல எழுதச் சொன்னேன், பேரு போட வேண்டாம்னு சொன்னேன், அதைப் படிச்சப்போ எனக்கு ராத்திரி தூக்கம் வரல. ஒரு பிள்ளை சிசிஏ முடிச்சு 7 மணிக்கு வீட்டுக்குப் போய் தம்பியைக் குளிப்பாட்டி சாப்பாடு கொடுக்குது, அம்மா ராத்திரி ஷிஃப்ட். ஒரு பையன் வாரத்துல மூணு நாள் டியூஷன், மிச்ச நாள் பாட்டியோட ஹால்ல, டிவி ஓடிக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, பிஎல்டி ராத்திரி 10.30-க்கு தானா தூங்கப் போயிடும், 2026 ஜனவரியில இருந்து அப்படி மாத்திட்டாங்க, பெற்றோர் வேற அமைப்பு வெச்சிருந்தா தவிர. அது நல்லதுதான், பிள்ளை தூங்கணும், ஆனா 9.30-க்குத்தான் கை ஓயற பிள்ளைக்கு நான் அனுப்பற வீடியோ எந்த நேரத்துல பொருந்தும்னு நான் யோசிச்சாகணும்.

எட்டு நிமிஷ வீடியோன்னா எட்டு நிமிஷ வேலைன்னு நாம நினைக்கறோம், நிறுத்தி எழுதி திரும்பப் பாத்தா 20 நிமிஷம். நாலு பாடம் ஒரே ராத்திரியில அனுப்பினா 80 நிமிஷம், அதுக்கு மேல வழக்கமான வீட்டுப்பாடம். அதனால ஃப்ளிப் பண்ற நாள்ல வேற வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது, அது முதல் விதி. அந்த வகுப்புக்கு எடுக்கற மத்த ஆசிரியர்களோட ஒரு ஷீட்டைப் பகிர்ந்து யாரு எந்த நாள்ல அனுப்பறாங்கன்னு போட்டு வெக்கணும், வகுப்பைப் பொறுப்பா பாத்துக்கற ஃபார்ம் டீச்சரைச் சேர்த்துக்கிட்டா இன்னும் நல்லது. ஹெச்பிஎல் நாளுக்கு முன்னாடியே திட்டம் போட்டு அன்னிக்குப் பாக்க வெச்சா ராத்திரிச் சுமையே இல்ல, இதைப் பல பேரு யோசிக்கறதே இல்ல.

பள்ளியில தமிழ் இல்லாம, பள்ளி முடிஞ்சு உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ வேற நிலையத்துக்கோ போற பிள்ளைங்க இருக்காங்க. ஏற்கனவே நீளமான நாள், எம்ஆர்டில நின்னுகிட்டே வர்றாங்க. அவங்களுக்கு முந்தின ராத்திரி வீடியோ வேண்டாம். வகுப்புக்கு உள்ளயே ஃப்ளிப் பண்ணலாம்: பாதிப் பேரு ஹெட்ஃபோன் போட்டு 6 நிமிஷம் பாக்கட்டும், பாதிப் பேரோட நான் உக்காந்து பேசறேன், அப்புறம் மாத்திக்கறோம். வீட்டு நிலைமை சரியில்லாத எந்த வகுப்புக்கும் இதுதான் என் முதல் யோசனை, பத்துப் பேரோட உக்காந்து பேசறது இருபது பேரைப் பாத்துப் பேசறதை விட எவ்வளவோ மேல்.

முதல் தடவை எனக்கு என்ன ஆச்சு

வலிமிகும் இடங்களுக்கு 18 நிமிஷ வீடியோ எடுத்தேன், ரெண்டு வாரயிறுதி போச்சு. மறுநாள் வகுப்புல கேட்டா பாதிப் பேரு பாக்கல. எனக்குப் பதட்டம், சரி பரவாயில்லன்னு பலகையில திரும்ப எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த தடவை முக்கால்வாசிப் பேரு பாக்கல, ஏன் பாக்கணும், டீச்சர்தான் எப்படியும் சொல்வாங்களே. பாத்துட்டு வந்த பிள்ளைங்க ரெண்டாவது தடவையா அதையே கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, அவங்களுக்கு நான் பண்ணினது அநியாயம். அதனால இதை உறுதியா சொல்றேன்: திரும்ப நடத்தாதீங்க. வாசல்லயே மூணு கேள்வி, தாள்ல, நாலு நிமிஷம். பாக்காம வந்தவங்க பின்னாடி உக்காந்து வீடியோவைப் பாத்துட்டுச் சேர்ந்துக்கட்டும், திட்டாம, ஏன்னு அப்புறம் தனியா கேளுங்க. பாத்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஒரே கேள்வியைத் தப்பா போட்டிருந்தா அதுக்கு மட்டும் மூணு நிமிஷம் விளக்கம். இந்த மூணு கேள்வி இல்லாம ஃப்ளிப் பண்ணவே பண்ணாதீங்க, யார் பாத்தா யார் பாக்கலன்னு எஸ்எல்எஸ் காட்டும்தான், ஆனா ஓட விட்டுட்டு வேற வேலை பாத்தது அதுக்குத் தெரியாது.

வீடியோ நீளம் பத்தி, இணையப் பாடங்களை வெச்சு 2014-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல 6 நிமிஷத்துக்கு மேல போனா கவனம் சரியுதுன்னு தெரிஞ்சுச்சு. நான் 5-ல நிறுத்திக்கறேன், ஒரு வீடியோவுல ஒரே விஷயம். பேச்சுத்தமிழ்ல பேசுங்க, எழுத வேண்டியதை மட்டும் எழுத்துத்தமிழ்ல திரையில காட்டுங்க. நம்ம பாடத்திட்டத்துக்குப் பொருத்தமான தமிழ் வீடியோ வெளியில அதிகம் கிடைக்காது, தமிழ்நாட்டு வீடியோக்களோட வேகமும் அளவும் நம்ம பிள்ளைங்களுக்கு ஒத்து வர்றதில்ல, அதனால நாலு ஆசிரியர் சேர்ந்து ஆளுக்கு மூணு எடுத்து எஸ்எல்எஸ்ல பகிர்ந்துக்கிட்டா ஒருத்தர் தலையில சுமை விழாது. எல்லாத்துக்கும் வீடியோ வேணும்னும் இல்ல, ஒரு பக்கம் படிக்கக் கொடுத்து ரெண்டு கேள்வி போட்டாலும் அது ஃப்ளிப்தான்.

பெற்றோர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க

ஒரு அப்பா ஃபோன் பண்ணினார். "டீச்சர், நீங்க வகுப்புல பாடமே நடத்தறதில்லையாமே, பொண்ணு சொல்லுது, வீட்லயே படிச்சுட்டு வரணும்னா அப்புறம் பள்ளிக்கூடம் எதுக்கு?" குரல்ல கோபம் இல்ல, பயம்தான் இருந்துச்சு. "இல்லங்க சார், விளக்கம் கேக்கறது வீட்ல, எழுதறதும் பேசறதும் என் கண்ணு முன்னாடி, நீங்க ஒரு நாள் பொண்ணோட நோட்டை எடுத்துப் பாருங்க, அந்தக் கட்டுரை முழுக்க அவளே எழுதினது, யாரும் உதவி பண்ணல"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எங்களுக்குத் தமிழ் எழுத வராது டீச்சர், அதனாலதான் கேட்டேன்"னார். அவருக்கு இதை டெர்ம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்லி இருக்கணும்.

பிள்ளைங்களுக்கும் இந்த எண்ணம் வரும், அது இயல்பு. 2019-ல ஹார்வர்டுல இயற்பியல் வகுப்புல சோதிச்சுப் பாத்தாங்க, தாங்களே கணக்குப் போட்டுப் பேசிக் கத்துக்கிட்ட மாணவர்கள் தேர்வுல அதிகமா கத்திருந்தாங்க, ஆனா தங்களுக்குக் குறைவா புரிஞ்ச மாதிரிதான் அவங்களுக்குத் தோணுச்சு, நல்லா பேசற பேராசிரியர் சொல்லிக் கேட்டவங்களுக்குத்தான் எல்லாம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. கஷ்டப்பட்டுக் கத்துக்கும்போது கத்துக்கற மாதிரியே தெரியாது, இதை முதல் வாரத்துலயே பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க, பெற்றோருக்கு அனுப்பற கடிதத்துலயும் ரெண்டு வரி எழுதுங்க, தமிழ்லயும் ஆங்கிலத்துலயும்.

மூணு பாடம், ஒரு வகுப்பு, அப்புறம் முடிவு

ஒரு வருஷத்துக்குத் திட்டம் போடாதீங்க. ஒரு வகுப்பை எடுத்துக்கங்க, பிள்ளைங்களுக்கு உங்களைப் பிடிச்ச வகுப்பா இருந்தா நல்லது, மூணு பாடம் மட்டும். இருபது பேர்ல மூணாவது தடவை 15 பேருக்கு மேல பாத்துட்டு வந்தா தொடரலாம், ரெண்டு தடவைக்கு அப்புறமும் 10-க்குக் கீழ இருந்தா நிறுத்திட்டு ஏன்னு கேளுங்க, பெரும்பாலும் காரணம் சோம்பல் இல்ல. இது என் கைக்கணக்குதான், உங்க வகுப்புக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க. தேர்வு இருக்கற டெர்ம்ல ஆரம்பிக்க வேண்டாம். உயர்நிலை நாலுல ஆரம்பிக்கவே வேண்டாம்.

முடிவு பண்ணும்போது வகுப்புச் சராசரியைப் பாக்காதீங்க, அது ஏமாத்தும், மேல இருக்கற பிள்ளைங்க ஏறினா சராசரி ஏறிடும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கஷ்டப்படற அஞ்சு பிள்ளைங்க பேரை எழுதி வெச்சுக்கங்க, மூணு பாடம் முடிஞ்சதும் அந்த அஞ்சு நோட்டை மட்டும் பழைய நோட்டோட பக்கத்துல வெச்சுப் படிங்க. எத்தனை வரி எழுதி இருக்காங்க, எங்க நிறுத்தி இருக்காங்க, நான் திருத்தினதைத் திரும்ப எழுதி இருக்காங்களா. ஒவ்வொருத்தரோடவும் ரெண்டு நிமிஷம் பேசுங்க, வகுப்புல எத்தனை தடவை தமிழ்ல வாய் திறந்தேன்னு கேளுங்க. அந்த அஞ்சு பேர்ல மூணு பேரு பின்னாடி போயிருந்தா மத்த பதினஞ்சு பேரு முன்னேறி இருந்தாலும் நான் அந்த யூனிட்டைத் திரும்ப வகுப்புக்கே கொண்டு வந்துடுவேன். போன வருஷம் அப்படித்தான் மின்னஞ்சலையும் வாய்மொழியையும் ஃப்ளிப்லயே வெச்சுக்கிட்டேன், பத்தியைப் படிச்சு சொந்தமா விடை எழுதற சுயவிடைக் கருத்தறிதலைத் திரும்ப வகுப்புக்கே எடுத்துட்டேன், அந்த அஞ்சு பேருக்கும் பத்தியை முதல் தடவை படிக்கும்போது பக்கத்துல ஒரு ஆள் வேண்டி இருந்துச்சு.